ஒரு பேச்சுக்குச் சொன்னது

துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், எழுதியது யார் என்று இரண்டு பத்திக்குள் தெரிந்துகொள்வீர்கள். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை என்று ஆகிவிட்டது. ஞாபகம் மட்டும் நமக்கு வசதியான இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. போன மாதம் தெருக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "நம்ம தெருவுல இந்த மாதிரி ஹோம் எல்லாம் எந்தக் காலத்துலயும் இருந்ததில்லீங்களே" என்றார். நான்கைந்து பேர் தலையாட்டினீர்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இருந்தது. ஒரு வெங்காயப் பருவம் முழுக்க இருந்தது.

அப்போது பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, பச்சை கேட் போட்டது, லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவருடையது. அவர் சவூதியில் இருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே சவூதிக்காரர்தான். அவருடைய வீட்டம்மா சொந்த ஊரிலேயே இருந்ததால், நோன்பு மாதத்தில் வந்து தங்குவது தவிர, இந்த வீடு பூட்டியே கிடக்கும். கார்த்திகை முடிந்த ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பச்சை கேட் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு வேன். பாய்கள், டிரங்குப் பெட்டிகள், ஒரு பெரிய அலுமினியக் குண்டான் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. இறக்கியவர்கள் ஆறேழு ஆண்கள். எல்லோரும் பெரியவர்கள், ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கூட ஒரு பெண். நல்ல ஒல்லி, காதில் சின்னத் தோடு. திருச்சியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு பெரிய இல்லத்தில் இடம் போதாமல், வளர்ந்தவர்களை மட்டும் இங்கே வீடெடுத்துக் குடிவைக்கிறார்கள் என்று அவர் என் அம்மாவிடம் வேலிக்கு மேலாகச் சொன்னார். அன்றைக்கே தெரு அவருக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. அந்த வீட்டுக்கு நாம் வைத்த பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை நான் எழுதப்போவதில்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. மண்டியிலிருந்து மாட்டு வண்டியில் சின்ன வெங்காய மூட்டைகள் வந்து இறங்கும். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து தாள் கிள்ளி, சருகு நீக்கி, நல்லது தனியாகச் சொத்தை தனியாகப் பிரித்துப் போடுவார்கள். சாயங்காலம் வண்டி வந்து திரும்ப எடுத்துப்போகும். அந்த மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் வெங்காய வாசனைதான். காய்ந்த துணியில், பாடப் புத்தகத்தில், தலையணை உறையில்கூட. விடிகாலையில் அம்மா சாணம் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் பச்சை கேட்டின் அடியிலிருந்து ஊதா நிறச் சருகுகள் காற்றில் நகர்ந்து வந்து ஈரக் கோலத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். எனக்கு அது கோலத்துக்குக் கலர் போட்டதுபோல் இருக்கும். சொன்னால் அடி விழும் என்று சொல்லவில்லை.

முதல் மாதம் தெரு அவர்களைத் தாங்கியது. இதையும் சொல்ல வேண்டும். அமாவாசைக்குச் சோறு, திதிக்குச் சோறு, பிள்ளைகள் பிறந்தநாளுக்குச் சோறு. முன்பெல்லாம் காக்காய்க்கும் கோயில் வாசலுக்கும் போனது இப்போது பச்சை கேட்டுக்குப் போனது. கடைசி வீட்டில் ஹைஸ்கூல் வாத்தியார் இருந்தார். தெருவில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவர்தான் தலைமை. அவர் மகன் என் வகுப்பு. அவனுடைய பிறந்தநாளுக்கு வாத்தியார் வீட்டிலிருந்து கேசரியும் புளியோதரையும் போயின. புதுச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு அவனே நின்று ஒவ்வொரு தட்டாகக் கேசரி வைத்தான். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று எங்களுக்கும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சரம்மாவுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேச வரும். "அக்கா, இன்னைக்கு மட்டும் நாலு வூட்டு சாம்பார். இவங்க ராத்திரிக்கு என்னையே சாம்பார்னு கூப்புடப் போறாங்க. நாளைக்காச்சும் யாருக்கும் திதி வராம பாத்துக்குங்க" என்பார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

சிக்கல் பாத்திரம் திரும்பி வந்தபோது தொடங்கியது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இதை நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு முருங்கைக்காயோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் திரும்பும். டீச்சரம்மாவும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். அம்மா அனுப்பிய எவர்சில்வர் தூக்குவாளி, மூடியில் அப்பாவின் பெயர் வெட்டியது, மறுநாள் காலை வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவரை நாங்கள் தூக்கு அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தோம். முப்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். நாம் எதைச் சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார், சரியாக வாங்கிக்கொண்டோமா என்று பார்ப்பதுபோல. தூக்கை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். மூடியைத் திறந்தால் கழுத்து வரை சின்ன வெங்காயம். ஒரு சருகில்லை, ஒரு மண் துகளில்லை. ஒவ்வொன்றும் கோலிக்குண்டுபோல் மின்னியது.

அம்மா வாங்கிக்கொண்டாள். சிரித்துக்கூட வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டைத் தாண்டியதும் கொல்லைப்புறம் போய்க் குப்பைக்குழியில் கொட்டினாள்.

"ஏம்மா கொட்டுற?"

"யாரு கையோ என்ன கையோ."

"மண்டியில நாம வாங்குறதும் அவங்க கிள்ளுனதுதானே."

"அது மண்டி" என்றாள் அம்மா.

தெரு முழுக்க அதே கதை என்று பின்னால் தெரிந்தது. கொடுப்பதற்கு எல்லோருக்கும் கை நீண்டது. அங்கேயிருந்து திரும்பி வருவதை வாங்கத்தான் கை கூசியது. கொடுத்துக்கொண்டே இருந்தால் அது புண்ணியம். வாங்கிவிட்டால் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்களே. அந்த வயதில் எனக்கு இது புரியவில்லை. குப்பைக்குழியில் வெங்காயம் முளைத்து, பச்சைத் தாள் சாண் உயரத்துக்கு நின்றது மட்டும் தெரியும். அம்மா அதன்மேல் சாம்பலைக் கொட்டினாள். சாம்பலைத் துளைத்துக்கொண்டும் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தூக்கு அண்ணன் வழக்கம்போல் வந்து நின்றார். அன்றைக்கும் தூக்கு நிறைய வெங்காயம். அம்மாவுக்கு வேலை நேரம். எரிச்சல் வந்திருக்கும். அதை முகத்தில் காட்டாமல், அவளுக்கே உரிய மெத்தென்ற குரலில் சொன்னாள்.

"எதுக்குப்பா நெதமும் தூக்கிக்கிட்டு அலையிற? அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றார் அவர்.

"ஆமாப்பா. உங்க வூடு வேற எங்க வூடு வேறயா?"

"வேறயா" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. தூக்கோடு திரும்பிப் போய்விட்டார்.

அம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நம் தெருவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். இப்போது வேண்டாம், அப்புறம் வெறும் தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போ என்று அர்த்தம். அவர் மட்டும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மாசி மாதத்தில் எங்கள் தாத்தா திதி வந்தது. அம்மா தூக்கைத் தேடினாள். சமையல்கட்டு, பரண், கிணற்றடி எங்கும் இல்லை. எதிர்வீட்டு அத்தையிடம், "தூக்கக் காணோம், பக்கத்து வூட்டுல மாட்டிக்கிச்சோ என்னமோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டு அத்தை வாயிலிருந்து அது வெளியே வந்தபோது "எடுத்துட்டாங்களாம்" என்று ஆகியிருந்தது. வாத்தியார் வீட்டை எட்டியபோது, இன்னும் யார் யார் வீட்டில் என்னென்ன காணவில்லை என்று விசாரணையே நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் செம்பு, ஒரு வீட்டில் கொடியில் காய்ந்த துண்டு. எல்லோருக்கும் திடீரென்று ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே பச்சை கேட் முன்னால் தெரு கூடியது. வாத்தியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சவூதிக்காரர் லீவில் வந்திருந்ததால் அவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். டீச்சரம்மா உள்ளே போய்த் தூக்கு அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் கையில் எங்கள் தூக்கு. அதைச் சுவரில் ஆணி அடித்துத் தன் பாய்க்கு மேலே மாட்டி வைத்திருந்தாராம்.

"பாத்தீங்களா" என்றார் வாத்தியார்.

"இவன் தானா எதையும் எடுக்கமாட்டாங்க சார். குடுத்தாத்தான் வாங்குவான்" என்றார் டீச்சரம்மா.

"அப்ப யாரு குடுத்தது?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். தூக்கு அண்ணன் நேராக அம்மாவிடம் வந்து தூக்கை நீட்டினார். அம்மா வாங்கினாள். கனம் தாங்காமல் அவள் கை கொஞ்சம் தாழ்ந்ததை நான் பார்த்தேன். உள்ளே வெங்காயம். திருட்டுப் பட்டம் கட்டித் திரும்ப வாங்குகிற நேரத்திலும் அவர் அதை வெறுமையாகக் கொண்டுவரவில்லை.

"நீதானம்மா உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்ன" என்றேன்.

அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். "சும்மா இரு. ஒரு பேச்சுக்குச் சொன்னத எல்லாம் இங்க வந்து சொல்லிக்கிட்டு."

மெதுவாகத்தான் சொன்னாள். வாத்தியார் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அதத்தாங்க நானும் சொல்றேன். பேச்சுக்குச் சொல்றது எது, நெசமாச் சொல்றது எதுன்னு தெரியாதவங்கள பக்கத்துல வச்சிக்கிட்டு நாம எப்படிங்க குடித்தனம் பண்றது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சவூதிக்காரர் சிரிக்கவில்லை. "நோன்புக் கஞ்சி எங்க வூட்டுல இருந்து வந்தா குடிக்கிறீங்க. ஏனத்துல நீங்க எதப் போட்டுத் திருப்பி அனுப்புனாலும் நாங்க திங்கிறோம். இவங்க வெங்காயம் குடுத்தது ஒரு குத்தமாங்க?" என்று கேட்டார்.

"பாய், நீங்க அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவீங்க. இங்க இருக்கப்போறது நாங்க" என்றார் வாத்தியார். குரலை உயர்த்தாமலே அடுத்ததையும் சொன்னார். "அவங்கள நாங்க வெரட்டலீங்க. ஊருக்கு வெளிய காத்தோட்டமா ஒரு எடம் பாத்துக்கட்டும். அரிசி பருப்பு நாங்க குடுத்து வுடுறோம்."

சவூதிக்காரர் பச்சை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ் பாத்துக்கிட்டிருக்கான்" என்றார். பிறகு டீச்சரம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். டீச்சரம்மா சரி என்று தலையாட்டினார். அம்மா தூக்கோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவர்களைக் காலிசெய்து கூட்டிப்போக வேன் வந்த அன்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில், ஓடாமல் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை அவர்களுக்குக் கிடைத்தது. மண்டி வண்டி அவ்வளவு தூரம் போகாது. வெங்காயம் நின்றது. தெரு கொடுப்பதாகச் சொன்ன அரிசி எத்தனை முறை போனது என்று நான் கேட்டதில்லை. மறுவருடம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தேன். கம்பி வலை அடித்த நீளக் கொட்டகை. சுற்றிலும் கருவேலம். வலைக்குப் பின்னால் வரிசையாக நின்று போகிற பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டினார்கள். தூக்கு அண்ணன் அவர்களில் இருந்தாரா என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டில் அம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தாள்.

அந்தத் தூக்கை அம்மா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கேட்டால் "பரண்ல கெடக்கு" என்பாள். ஒரு நாள் பழைய பாத்திரத்துக்குப் புதுசு கொடுக்கிறவர் தெருவில் வந்தார். அதைப் போட்டு ஒரு வடிதட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல தூக்கு, நசுங்கல்கூட இல்லை. ஏன் போட்டாள் என்று இப்போது ஏதோ கொஞ்சம் புரிகிறது. அவள் உயிரோடு இருந்தவரை அதை அவளோடு பேச எனக்கு வாய்க்கவில்லை.

எனக்கு மகன் பிறந்து, அவன் மற்ற குழந்தைகளைப்போல் வளரமாட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவள் அவனைத் தரையில் விட்டதே இல்லை.

அவனுக்கு இப்போது இருபத்தாறு வயது. அரியலூரில் எங்களோடு இருக்கிறான். சட்டையை அவனே போட்டுக்கொள்வான், கழுத்துப் பட்டன் உட்பட. வெங்காயம் உரிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் அவனுக்கு. அதில் உள்ளே வேறொன்று இருக்கும் என்று அவனுக்குத் தோன்றாது. போன ஆடியில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவனை பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கயே இரு, அம்மா தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றேன். கடை வரை போனேன். அங்கே மயங்கி விழுந்துவிட்டேன். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் கண்விழித்துச் சொல்லி, அவனுடைய அப்பா ஓடிப்போய்ப் பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் அதே பெஞ்சில் இருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. சாப்பிடக் கொடுத்தவர்களிடம் வாங்கவில்லை. எழுந்து வரச் சொன்னவர்களோடு போகவில்லை. அம்மா இங்கயே இருக்கச் சொன்னாங்க என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். நான் கண்விழிக்காமல் போயிருந்தால்?

அதற்குப் பிறகுதான் அவனைப்போன்ற பிள்ளைகளைப் பெற்ற நான்கு குடும்பங்களும் நாங்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். அம்மா எனக்கு விட்டுப்போன பெரம்பலூர் வீட்டில் ஐந்து பேரும் இருக்கட்டும். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். நாங்கள் இருக்கும்போதே பழகட்டும். தெருவில் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பேச மனிதர்கள் இருக்கிறார்கள் என்றுதான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான காரணம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் போட்டீர்கள். வாத்தியார் மகன்தான் இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர். சின்ன வயதில் வாடா போடா என்று கூப்பிட்டவனை அன்று "சார்" என்று கூப்பிட்டேன். அவர் அப்பா மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு அவங்க மேல எரக்கம் இல்லாம இல்ல. ஊருக்கு வெளிய காத்தோட்டமா ஒரு எடம் பாருங்க. எங்க அப்பா நினைவு நாளுக்கு வருசா வருசம் சாப்பாடு எங்க பொறுப்பு."

"இது எங்க அம்மா வூடு சார்" என்றேன்.

"இல்லேன்னு யாரு சொன்னா? தெருவுல பொம்பளப் புள்ளைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க. நாங்க யோசிக்கணும்ல."

வீடு என் பெயரில் இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார். உண்மைதான். ஆனால் கூட்டத்தில் நடந்ததைக் கேட்ட இரண்டு குடும்பங்கள் விலகிக்கொண்டன. "தெருவே வேணாங்குற எடத்துல புள்ளைய எப்படிக்கா வுட்டுட்டு வர்றது?" என்று ஒருத்தி போனில் அழுதாள். நீங்கள் யாரும் கல்லெறியவில்லை, திட்டவில்லை. காபி கொடுத்து, இரக்கத்தோடு, காற்றோட்டமாக மறுத்தீர்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது வாத்தியார் மகன் என் மகனிடம் வந்தார். தோளில் தட்டினார். எல்லோரும் பார்க்கத்தான் சொன்னார்: "தம்பி, மனசுல எதையும் வச்சிக்காத. நம்ம வூடு இருக்கு. எப்ப வேணா வா, எத்தன நாள் வேணா இரு. நீயும் எனக்குப் புள்ளதான்."

"புள்ளதான்" என்றான் என் மகன்.

தலைவர் அவர்களே, அன்றிலிருந்து அவன் தினமும் உங்கள் வீட்டுக்கு எப்போது போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பையில் இரண்டு சட்டை, சீப்பு, துண்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டான். நேற்று உட்கார்ந்து, யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்ததால், ஒரு தூக்கு நிறையச் சின்ன வெங்காயம் உரித்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். கதவைத் திறங்கள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் என்றால், அதை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை.